திண்டுக்கல் ஆய்வில் 63 சதவீதம், மாநிலக் கணக்கில் 9.8: இடையில் எங்கே நழுவியது?

மலைக்கோட்டை (இழையைத் தொடங்கியவர்)

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய பன்னாட்டு விவாதங்களில் திண்டுக்கல் மாவட்டத்தின் பெயர் அடிக்கடி வருகிறது. மாவட்டத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது ஐயம்தான். ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையும், பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 114 தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ பரிசோதனை. மற்ற 57இல் வழக்கமான மருத்துவ வசதியும் சுகாதாரக் கல்வியும் மட்டும்.

வி.ஐ.ஏ பற்றித் தெரியாதவர்களுக்காக: கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பது) தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புற்றாக மாறக்கூடிய திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆய்வகம் தேவையில்லை, முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம்.

முடிவு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம் பேர், பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். பரிசோதனை நடந்த தொகுதிகளில் இந்நோயால் இறப்பது 35 சதவீதமும் நோய் வருவது 25 சதவீதமும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதினரிடம் பலன் இன்னும் அதிகம். வெறும் கண்ணால் பார்க்கும் ஒரு பரிசோதனை உயிர் காக்கிறது என்பதற்கு இவ்வளவு பெரிய சான்று அதற்குமுன் இருந்ததில்லை.

அதே 2007இல் தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் நடந்தது. பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் விரிவாக்கினார்கள். 2016இல் மத்திய அரசும் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ என்று வழிகாட்டி வெளியிட்டது. சான்று கிடைத்தது, கொள்கை பிறந்தது என்று இங்கேயே கதையை முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் என்கிறது. இந்திய சராசரி 1.9. நாட்டிலேயே முன்னணியில் இருப்பது நாம்தான் என்று பெருமைப்படவும் செய்யலாம். திண்டுக்கல் கிராமங்களில் 63 சதவீதப் பெண்களை வரவழைக்க முடிந்தது, திட்டமாக மாறியபின் ஏன் முடியவில்லை? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

எண்கணக்கர்

கேள்வி நல்ல கேள்வி. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆய்வில் வீடுவீடாகப் பட்டியல் எடுத்து, யார் வந்தார், யார் வரவில்லை என்று பெயர் பெயராகக் குறித்தார்கள். குடும்ப நல ஆய்வு பெண்ணிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொள்கிறது. பேறுகாலத்திலும் வெள்ளைப்படுதலுக்காகவும் பலருக்கு உள்பரிசோதனை செய்கிறார்கள். எதற்காகச் செய்கிறோம் என்று யாரும் விளக்குவதில்லை. புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டும் அது தெரியாமல் 'இல்லை' என்றவர்கள் இருக்கலாம். வேறு பரிசோதனையை இதுவென்று நினைத்து 'ஆம்' என்றவர்களும் இருக்கலாம்.

35 சதவீதத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பரிசோதனைத் தொகுதிகளில் 2,74,430 ஆள்-ஆண்டுகளில் (ஒரு பெண்ணை ஓராண்டு கவனித்தால் ஓர் ஆள்-ஆண்டு) 83 இறப்புகள். மற்றவற்றில் 1,78,781 ஆள்-ஆண்டுகளில் 92. வகுத்தால் லட்சத்துக்கு ஏறத்தாழ 30, 51. வயது வேறுபாடுகளைச் சரிசெய்த பிறகுதான் 35 சதவீதம் என்ற கணக்கு வருகிறது. பெரிய பலன்தான். ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால் லட்சம் பெண்களை ஓராண்டு கவனித்தால் இருபது உயிர் அளவில் வேறுபாடு. ஒரு மாவட்ட ஆட்சியருக்கு ஓராண்டில் இது கண்ணுக்கே தெரியாது. டெங்கு என்றால் மறுநாளே செய்தித்தாளில் வந்துவிடும். இந்தத் திட்டத்தை மேலிருந்து யாரும் விரட்டாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

---

இரவுப்பணி செவிலி

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். ஊரும் மாவட்டமும் வேண்டாம்.

மலைக்கோட்டை ஐயா ஒன்றை விட்டுவிட்டார். திண்டுக்கல் ஆய்வில் வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்ணுக்கு அந்த இடத்திலேயே செவிலியர்கள் கால்போஸ்கோப்பியில், அதாவது உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, தேவையானால் திசு எடுத்து, பொருத்தமானவர்களுக்குக் கெட்ட திசுவை உறையவைத்து அழிக்கும் குளிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். முன்புற்று நிலையில் இருந்த 1,874 பெண்களில் 72 சதவீதம் பேர் சிகிச்சை பெற்றார்கள். இறப்பைக் குறைத்தது அந்தச் சிகிச்சை. வினிகர் தடவினால் யாரும் பிழைத்துவிடுவதில்லை.

எங்கள் நிலையத்தில் என்ன நடக்கிறது? பார்க்கிறோம், பாசிட்டிவ் என்றால் சீட்டு எழுதி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புகிறோம். அந்தப் பெண்ணுக்கு வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒருநாள் கூலி போகும். போனால் 'வெள்ளிக்கிழமை வா' என்பார்கள். வெள்ளிக்கிழமை போனால் மருத்துவர் அறுவை அரங்கில் இருப்பார். மூன்றாவது முறை யார் போவார்? நூறுநாள் வேலையை விட்டுவிட்டு, நோயே தெரியாத ஒன்றுக்காக?

குளிர்ச் சிகிச்சைக் கருவிக்கு வாயு உருளை வேண்டும். அது தீர்ந்தால் நிரப்பி வருவது ஒரு தனிக் கதை. இப்போது வெப்பத்தால் சுடும் சிறிய கருவி வந்திருக்கிறது. கையில் எடுத்துப் போகலாம், மின்கலத்தில் ஓடும், ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே அதை ஏற்றுக்கொண்டது. அது எங்கள் மேசைக்கு வந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்று, மறைப்பு. வெளிநோயாளிகள் வரிசை நிற்கும் அறையில் ஒரு திரைச்சீலையைக் கட்டிவிட்டு 'படுங்கள் அம்மா' என்றால் யார் படுப்பார்கள்? வந்தவர் பாதியில் எழுந்து போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

வைகைக்கரை

எல்லோரும் திண்டுக்கல் ஆய்வைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள். அந்த 92 பெண்களைப் பற்றி யாராவது பேசுங்கள்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் இதே போன்ற ஆய்வு நடந்தது, பரிசோதனை இல்லாத பிரிவில் 64 பேர் இறந்தார்கள். மும்பைக் குடிசைப் பகுதிகளில் இன்னொன்று, அங்கே 98 பேர். மூன்றையும் கூட்டினால் 254. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனை பலன் தரும் என்பது 1960களிலிருந்தே வடஐரோப்பாவிலும் கனடாவிலும் தெரிந்த செய்தி. அப்படியிருக்க, 'ஒன்றுமே செய்யாத' பிரிவு ஒன்றை வைத்து யார் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தது எந்த அறம்? எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கேட்டார். மும்பை ஆய்வில் பெண்களிடம் ஒப்புதல் பெற்றபோது போதிய தகவல் தரப்படவில்லை என்று அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமும் சொன்னது. இதே ஆய்வை அமெரிக்காவில் நடத்தியிருக்க முடியுமா? அங்கே ஒரு பெண்ணைப் பரிசோதிக்காமல் விட்டால் வழக்கு.

---

மலைக்கோட்டை

வைகைக்கரை சொன்னதை நான் தள்ளவில்லை. ஒப்புதல் விஷயத்தில் வாதிட ஒன்றும் இல்லை, அது தவறு. ஒப்பிடுவதற்காகப் பரிசோதனை இல்லாமல் வைத்த பிரிவு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. அந்தக் கிராமங்களில் அதற்கு முன்பும் பரிசோதனை என்று ஒன்று இல்லை. பாப் பரிசோதனைக்குக் கண்ணாடித் தகட்டைப் படிக்கும் நிபுணர் வேண்டும், ஆய்வகம் வேண்டும், முடிவைச் சொல்ல அந்தப் பெண்ணை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். 1990களில் ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது? ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி, இங்கே இருக்கும் நிலையைவிட இது மேலா என்பது. அந்தக் கேள்விக்கு இங்கே இருக்கும் நிலையோடு ஒப்பிட்டுத்தான் விடை சொல்ல முடியும்.

---

வைகைக்கரை

இங்கே இருக்கும் நிலை என்பது வறுமை. வறுமையை ஆய்வு வடிவமாக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். பரிசோதனை இல்லாத பிரிவுக்குப் பதில் இரண்டு பரிசோதனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கலாம்.

---

எண்கணக்கர்

உஸ்மானாபாத்தில் அதுவும் நடந்தது. விவாதத்துக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 1,31,746 பெண்கள், நான்கு பிரிவுகள்: எச்.பி.வி (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை, பாப் பரிசோதனை, வி.ஐ.ஏ, எதுவும் இல்லாதது. 2009இல் முடிவு வந்தபோது ஒரே ஒரு முறை எச்.பி.வி பரிசோதனை செய்த பிரிவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகியிருந்தது, 64க்கு எதிராக 34. பாப், வி.ஐ.ஏ இரண்டிலும் புள்ளியியல் அளவில் உறுதியான குறைவு தென்படவில்லை.

அதாவது 2007இல் திண்டுக்கல் 'வி.ஐ.ஏ பலன் தரும்' என்றது, 2009இல் உஸ்மானாபாத் 'எங்களிடம் தரவில்லை' என்றது, 2014இல் மும்பை '31 சதவீதம் இறப்பு குறைந்தது' என்றது. மும்பையில் பத்தாம் வகுப்பு படித்த பணியாளர்களே பார்த்தார்கள், ஆனால் இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்று. ஒரே பரிசோதனை மூன்று இடங்களில் மூன்று விதமாக நடந்துகொண்டது. பார்ப்பவரின் கண், அவருக்குத் தந்த பயிற்சி, சிகிச்சை எவ்வளவு விரைவில் கிடைத்தது, எத்தனை முறை பார்த்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது வி.ஐ.ஏ. எச்.பி.வி பரிசோதனையில் இயந்திரம் படிக்கிறது, செவிலியரின் கண் சோர்ந்திருந்தாலும் முடிவு மாறாது.

2016இல் தில்லி வி.ஐ.ஏவைத் தேர்ந்தது ஏன்? விலைதான். அதில் தவறில்லை, கொள்கை வகுப்பவர் விலையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் திண்டுக்கல்லில் பலன் தந்த முழு ஏற்பாட்டின் செலவைக் கணக்கிட்டார்களா, அசிட்டிக் அமிலத்தின் விலையை மட்டுமா? செவிலி அக்கா எழுதியதைப் படித்தபின் எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

---

இரவுப்பணி செவிலி

தம்பி சரியாகச் சொன்னார். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் புற்றாகும் மாற்றம் நடக்கும் பகுதி உள்ளே போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த வயதில் வி.ஐ.ஏவுக்கு மதிப்புக் குறைவு. வழிகாட்டியோ 65 வரை போகிறது. முகாமுக்கு முதலில் வருகிறவர்கள் யார்? பேரன் பேத்தி எடுத்த பாட்டிகள்தான். முப்பத்தைந்து வயதுக்காரி கரும்பு வெட்டவோ பனியன் கம்பெனிக்கோ போயிருப்பாள். இலக்கு நிறைந்துவிடும், பதிவேடு அழகாக இருக்கும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டு வாசலில் பார்க்க முடிகிறது. இதை வாசலில் பார்க்க முடியாது அல்லவா? எச்.பி.வி என்றால் அந்தப் பெண்ணே மறைவில் மாதிரி எடுத்துத் தரலாம் என்கிறார்கள். அது வந்தால் நான் முதல் ஆளாக மகிழ்வேன்.

---

யாழ் வாசகி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் என்று ஒன்று நடக்கிறது. 35 வயதை எட்டும் பெண்களைப் பாப் பரிசோதனைக்கு அழைப்பார்கள், பின்னர் 45 வயதையும் சேர்த்தார்கள். பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் விவரமும் இருக்கும். 'உங்களுக்கு இந்த வருடம் முப்பத்தைந்து, வியாழன் வாருங்கள்' என்று அவர் வீட்டுக்கு வந்து சொல்வார். வயதை வைத்து ஆளைத் தேடிப் போகிற முறை அது. உங்கள் முகாமில் யார் வருகிறாரோ அவரைப் பார்க்கிறீர்கள். வேறுபாடு அங்கே இருக்கிறதோ?

எங்களிடமும் எல்லோரும் வருவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெட்கம் கடலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எச்.பி.வி தடுப்பூசியை 2017இல் தேசிய அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். பெரிய எதிர்ப்பு எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. இந்தியா ஏன் இவ்வளவு தாமதித்தது?

---

வைகைக்கரை

கம்மம்.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 'பாத்' என்ற அமெரிக்க நிறுவனம் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி போட்டது. சில சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால் பழங்குடி மாணவியர் விடுதிகளில் பெற்றோருக்குப் பதில் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி தடுப்பூசி ஆய்வுகளையும் நிறுத்தியது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அதற்குப்பின் பல ஆண்டுகள் அந்தப் பெயரை எடுக்கவே அமைச்சகம் அஞ்சியது. ஒப்புதலில் காட்டிய அலட்சியம் நல்ல தடுப்பூசியையே சந்தேகத்துக்கு ஆளாக்கியது. நான் மேலே அறம் அறம் என்று கத்தியதற்கும் இதுதான் காரணம்.

---

எண்கணக்கர்

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த 2010 தடையில் இன்னோர் ஆய்வும் மாட்டிக்கொண்டது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று 20,000 சிறுமிகளிடம் பார்க்கத் திட்டமிட்ட ஆய்வு அது. அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. பாதியில் நிறுத்தியதால் ஏறத்தாழ ஐயாயிரம் சிறுமிகளுக்கு ஒரே தவணை மட்டும் கிடைத்திருந்தது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு: எச்.பி.வியின் 16, 18 வகை வைரஸ்கள் உடலில் நிலைத்துத் தங்குவதை ஒரு தவணை 95.4 சதவீதம் தடுத்தது. இரண்டு தவணை 93.1, மூன்று தவணை 93.3. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கென்யாவில் முறையாகக் குலுக்கல் போட்டு நடத்திய ஆய்வும் இதையே சொன்னது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையும் போதும் என்றது. பல ஏழை நாடுகள் இன்று ஒரே ஊசியில் இத்திட்டத்தை நடத்துவதற்கு இந்தியச் சிறுமிகளின் அரைகுறைத் தவணையும் ஒரு காரணம். அதை நிறுத்திய நாடோ அதன் பலனை மற்றவர்களுக்குப் பின்னால்தான் எடுத்துக்கொண்டது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தவணைப் பிரிவு குலுக்கலில் உருவானது இல்லை. ஊசி போடாத ஒப்பீட்டுப் பெண்களையும் பிற்பாடுதான் சேர்த்தார்கள். ஆனால் யாருக்கு எத்தனை தவணை என்பதைப் பெரும்பாலும் தடை வந்த தேதி முடிவு செய்தது, சிறுமியோ பெற்றோரோ அல்ல. அதனால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோகும் வாய்ப்பு குறைவு. கென்ய ஆய்வும் சேர்ந்துகொண்டதால்தான் நான் இதை நம்புகிறேன்.

---

இரு பெண்களின் தாய்

விவாதத்தின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். என் மூத்த மகளுக்குப் பதின்மூன்று. கம்மம் செய்தியைப் படித்ததிலிருந்து என் கணவர் ஊசி வேண்டவே வேண்டாம் என்கிறார். மாமியாரோ 'கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு அந்த ஊசி' என்கிறார். என்ன சொல்வது?

---

இரவுப்பணி செவிலி

அம்மா, கல்யாணத்துக்கு முன்பு போடுவதுதான் சரி. இந்த வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுகிறது. உடலில் அது நுழைவதற்கு முன் ஊசி போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது என்கிறார்கள். மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கைக்குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போடுகிறோமே, அந்த வைரஸும் உடலுறவு வழியாகப் பரவுவதுதான். குழந்தையைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

உங்கள் கணவர் படித்த செய்தியில் ஒப்புதல் பெற்ற முறைதான் தவறு. உங்களிடம் கேட்டுத்தான் போடுவார்கள், கேட்டுத்தான் போட வேண்டும். புணேயில் தயாராகும் இந்திய ஊசியும் 2022இல் அனுமதி பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2025 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாகப் போடுவதாக அறிவித்தது. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஒவ்வாமை ஏதும் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். போட்டபின் கால்மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள், இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும்.

உங்களுக்கு முப்பதைத் தாண்டியிருக்குமே. நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?

---

இரு பெண்களின் தாய்

நன்றி அக்கா. இல்லை, செய்துகொள்ளவில்லை. அந்த 90 சதவீதத்தில் நானும் ஒருத்தி.

---

மலைக்கோட்டை

இவ்வளவு படித்தபின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம் என்று நினைக்கிறேன். மாவட்டவாரியாக எத்தனை பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது என்று கேட்கலாமா?

---

இரவுப்பணி செவிலி

அதைக் கேட்டால் அழகான எண் ஒன்று வரும் ஐயா, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாசிட்டிவ் என்று கண்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் கால்போஸ்கோப்பி முடிந்தவர்கள் எத்தனை, சிகிச்சை முடிந்தவர்கள் எத்தனை என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வயதுவாரியாகவும் பிரித்துத் தரச் சொல்லுங்கள், 30 முதல் 39 தனியாக. வெப்பச் சிகிச்சைக் கருவி எந்தெந்த நிலையங்களில் இருக்கிறது, அவற்றில் எத்தனை இயங்குகின்றன என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

---

வைகைக்கரை

மனு எழுதும்போது எனக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பாசிட்டிவ் என்று எழுதிய சீட்டோடு போனவர்களில் திரும்பி வராதவர்களைத் தேடிப் போக யாருக்காவது பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் அந்தப் பதவியின் பெயர் என்ன?